போர்ட் இல்லாத கடை

எங்கட ஊருக்கும் பாஸ்தா வந்துட்டுது. பின்னேரம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கரைப்பற்று - கல்முனை றோட்டால ஒருக்கா போய் வந்தீங்கண்டா தெரியும். சுவரெல்லாம் கறுப்புப் பெயின்ட், தொங்குற மஞ்சள் பல்ப், படம் எடுக்கிறதுக்கெண்டே ஒரு மூலையில பிளாஸ்டிக் இலை ஒட்டின சுவர். மெனு கார்ட்டில ‘இத்தாலியன்’ எண்டு ஒரு பக்கம். ஓடர் பண்ணினா வாறது அவிச்ச மக்கரோனிக்கு மேல சோஸ், அதுக்கு மேல சீஸ், அதுக்கு மேல மயோனீஸ். நாங்க சாப்பிடுறோம், இல்லையெண்டு சொல்லல்ல. பெருநாள் காசு கிடைச்சா முதல்ல போறதும் அங்கதான். ஆனா சாப்பிட்டு முடிச்சு வெளியில வந்து ஹெல்மட்டைப் போடுறதுக்குள்ள அந்த ருசி மறந்துடும்.

இதைப் பத்தி ஒருநாள் கதைச்சுக்கொண்டிருக்கக்குள்ள எங்களில ஒருத்தர் சிரிச்சார். அவர் டோஹாவில ஒரு இத்தாலியன் ரெஸ்டோரன்ட்டின் குசினியில ரெண்டு வருசம் நிண்டவர். அந்தக் குசினியில இத்தாலிக்காரர் ஒருத்தரும் இல்லையாம். நேபாளி, பிலிப்பைன்ஸ்காரர், மலையாளி, நம்மாள். ராத்திரி ஒரு மணிக்குக் கடை பூட்டின பிறகு வேலைக்காரருக்கெண்டு ஒரு சாப்பாடு ஆக்குவாங்களாம்: உள்ளியைச் சீவி ஒலிவ் எண்ணெயில மெல்லச் சூடாக்கி, காஞ்ச கொச்சிக்காய் ரெண்டைக் கிள்ளிப் போட்டு, ஸ்பெகட்டி அவிச்ச தண்ணியில ஒரு கரண்டி ஊத்திப் பிரட்டுறது. அவ்வளவுதான். “இத்தாலிச் சாப்பாடெண்டா அதுதான் மச்சான். மேசைக்குப் போனதெல்லாம் அரபிக்கும் வெள்ளைக்காரனுக்கும் ஆக்கினது” எண்டார். பிறகு ஒண்டு சொன்னார்: “அட்டாளைச்சேனையில உண்மையான இத்தாலியன் கடை ஒண்டுதான் இருக்கு. அது மாமிட கடை.”

அந்த வசனத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மாமிட கடைக்கு போர்ட் இல்லை, பேரும் இல்லை. பெரிய றோட்டில இருந்து கடற்கரைப் பக்கமா இறங்குற குறுக்குத் தெரு ஒண்டில, ஒரு வளவு. கடப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனா முருங்கை, எலுமிச்சை, ஒரு பழைய தோடை மரம். வீட்டுக்குப் பின்னால தகரம் இறக்கின ஒரு பத்தி. அதுக்குள்ள ரெண்டு மேசை, ஒரு வாங்கு, நாலு விதமான நாலு கதிரை. கையலம்ப வாளியும் கோப்பையும். பன்னிரண்டரைக்குச் சோறு வடிச்சு முடியும். லுஹர் தொழுதிட்டு வாற ஆக்கள் வந்து போனா ரெண்டு மணிக்குள்ள சட்டி காலி. இருபது, இருபத்தஞ்சு பேருக்கு மேல ஆக்கிறதில்லை. கேம்பஸ் பொடியன்மார், கச்சேரி வேலைக்காரர், வயலுக்கு உரம் ஏத்திக்கொண்டு போற டிராக்டர்காரர், ஊட்டில பொஞ்சாதி சுகமில்லாம இருக்கிற ஆக்கள். பார்சலெண்டா லஞ்ச் சீட் நீங்கதான் கொண்டு போகணும், அல்லது வாழையிலை வெட்டித் தருவா.

என்ன கறி எண்டு கேட்கிற பழக்கம் அங்க இல்லை. காலையில மாமிட மகன் சந்தைக்குப் போய் என்ன கொண்டு வாறாரோ அதுதான். பங்குனி, சித்திரையில இருந்து கரைவலை இழுக்கிற காலத்துக்குக் கீரி, சாளை, பாரை, சூரை. வாடைக் காத்து அடிச்சுக் கடல் கொந்தளிக்கத் தொடங்கினா கடல் மீன் குறைஞ்சிடும். அப்ப இறக்காமத்துக் குளத்து மீன்: செல்வன், கெளுத்தி, அதிஷ்டம் இருந்தா விரால். அதுவும் இல்லாட்டிக் கருவாடு. கருவாட்டுக்குக் கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு ஆக்கின நாளைப் பத்தி எழுதினா இந்தக் கட்டுரை முடியாது, விட்டுடுவம்.

இடையில ஒரு விசயம். 2013இல ஒலுவில் துறைமுகத்தைத் திறந்தாங்க. துறைமுக வாயை மண் அடைச்சுக்கொண்டதும், பக்கத்துக் கரையைக் கடல் அரிச்சுக்கொண்டு போனதும் இந்தப் பக்கத்து ஆக்களுக்குச் சொல்லித் தெரியத் தேவையில்லை. நாங்க அதைப் பேப்பரில படிச்சம், கூட்டத்தில கதைச்சம். மாமி அதை வேற மாதிரிச் சொல்லுவா: “முந்தி வலை இழுத்த இடத்தில இப்ப இழுக்க ஏலாதாம் மனே. அதான் சாளை வரல்ல.” ஒரு தட்டுச் சோத்தில என்ன இருக்கு, என்ன இல்ல எண்டதுக்குப் பின்னால இப்படியும் ஒரு கணக்கு ஓடுது.

சரி, டோஹாக்காரர் சொன்னதுக்கு வருவம். எதுக்காக அவர் மாமிட கடையை இத்தாலியன் எண்டார்?

இத்தாலியில ரெஸ்டோரன்ட் வேற, ‘த்ரத்தோரியா’ வேற. த்ரத்தோரியா எண்டுறது தெருவுக்குத் தெரு இருக்கிற சின்னச் சாப்பாட்டுக் கடை. பொதுவா ஒரு குடும்பம் நடத்துறது. உம்மா குசினியில, மகன் மேசையில. அண்டைக்கு என்ன ஆக்கினாங்களோ அதுதான் சாப்பாடு, மெனு சில நேரம் வாயாலதான். அதைப் புகழ்ந்து சொல்லுற சொல்லே ‘வீட்டுச் சமையல்’ எண்டுறதுதான். உலகத்தில மற்ற இடங்களில ஹோட்டல் சாப்பாடு வீட்டைவிட உசத்தியெண்டு விளம்பரம் பண்ண, அங்க வீடு மாதிரி இருக்கு எண்டதுதான் பெரிய சேர்ட்டிபிகேட். 1986இல ரோமில ஸ்பானியப் படிக்கட்டுக்குப் பக்கத்தில மெக்டொனால்ட்ஸ் திறந்தப்போ, கார்லோ பெத்ரீனியும் அவரோட ஆக்களும் பாஸ்தாக் கோப்பையோட போய் எதிர்ப்புக் காட்டினாங்க. அதில இருந்து வளர்ந்ததுதான் ‘ஸ்லோ ஃபூட்’ இயக்கம். 1990இல இருந்து இத்தாலி முழுக்க இருக்கிற இப்படியான சின்னக் கடைகளுக்கெண்டே ஒரு வழிகாட்டிப் புத்தகமும் போடுறாங்க. எங்களுக்கும் அப்படி ஒண்டு, காத்தான்குடியில இருந்து பொத்துவில் வரைக்கும், எழுதணும் எண்டு ஆசை வந்தது அதைப் படிச்ச பிறகுதான்.

ஆனா டோஹாக்காரர் சொன்னது குடும்பக் கதையை இல்ல. அவர் பாலாணத்தைச் சொன்னார்.

பாலாணம் ஆக்கிறதை எல்லாரும் உம்மாமார்ட ஊட்டில பார்த்திருப்பம். ஆனா பார்க்கிறது வேற, பக்கத்தில நிண்டு கவனிக்கிறது வேற. மாமி சட்டியில வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், ரம்பை, கறிவேப்பிலை எல்லாத்தையும் போட்டுக் கடப்பாலை ஊத்துவா. தண்ணி மாதிரிப் பால் அது, கொதிச்சாலும் பரவாயில்லை. மீனோ வாழைக்காயோ அதில அவியும். கடைசியாத்தான் முதப்பால். அதை ஊத்தினா அடுப்பில இருந்து விறகை இழுத்துடுவா. அகப்பை நிக்காம ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கொதி கூடினாலும் பால் திரைஞ்சு எண்ணெய் தனிய, தண்ணி தனியப் பிரிஞ்சிடும். இறக்கி வச்சு, கை பொறுக்கிற சூடு வந்த பிறகுதான் எலுமிச்சம் புளி.

“ஸ்பெகட்டியும் இதேதான்” எண்டார் டோஹாக்காரர். பாஸ்தா அவிச்ச தண்ணியில மா கரைஞ்சு கஞ்சி மாதிரி இருக்கும். அந்தத் தண்ணியை எண்ணெயோட சேர்த்து நெருப்பைக் குறைச்சு ஆட்டிக்கொண்டே இருந்தா, எண்ணெயும் தண்ணியும் பிரியாம ஒரு பாலாணமா இறுகும். அந்தத் தண்ணியை ஊத்தி விட்டுட்டு சோஸைக் கொட்டுறதுதான் எங்கட றோட்டோரக் கடைகளில நடக்கிறது. கொழுப்பும் தண்ணியும் சண்டை பிடிக்காமப் பார்த்துக்கொள்ளுறதுதான் ரெண்டு குசினியிலயும் வேலை. இதை மாமிக்கிட்டச் சொன்னம். “அவங்களுக்குத் தேங்காய் இல்லையா?” எண்டு மட்டும் கேட்டா. இல்லை எண்டம். “பாவம்” எண்டா.

இன்னொரு உறவும் இருக்கு, இதை எங்களில எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பம் எண்டு தெரியல்ல. பாஸ்தாவைச் சீனாவில இருந்து மார்க்கோ போலோ கொண்டு வந்தார் எண்டு ஒரு கதை சுத்துது. அது கதைதான். மார்க்கோ போலோ பிறக்கிறதுக்கு நூறு வருசத்துக்கு முந்தி, 1154இல, அல் இத்ரீஸி எண்ட முஸ்லிம் புவியியல் அறிஞர் சிசிலித் தீவில அரசன் இரண்டாம் ரோஜருக்காக ஒரு பெரிய உலகப் புவியியல் நூலை எழுதி முடிச்சார். அதில பலெர்மோவுக்குப் பக்கத்தில திராபியா எண்ட ஊரைப் பத்தி எழுதுறார்: ஓடுற தண்ணியும் மாவரைக்கிற ஆலைகளும் உள்ள ஊர், அங்க ‘இத்ரிய்யா’ நிறையச் செய்றாங்க, கப்பல் கப்பலா முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் போகுது எண்டு. இத்ரிய்யா எண்டா மாவைப் பிசைஞ்சு நூலாக்கிக் காய வச்சது. இத்தாலி மண்ணில காய்ஞ்ச பாஸ்தா வியாபாரமா நடந்ததுக்கு இருக்கிற மிகப் பழைய சாட்சிகளில இது ஒண்டு. அதே நூலில ஸரந்தீப் எண்டு எங்கட தீவைப் பத்தியும் எழுதியிருக்கார். எங்கட இடியப்பத்தையும் அவங்கட ஸ்பெகட்டியையும் ஒரே பேனையால தொட்டிருக்க வேண்டிய மனுசன், இடியப்பத்தை மட்டும் விட்டுட்டார்.

வெனிஸ் பக்கத்தில ‘பிகோலி’ எண்டு ஒரு மொத்தமான ஸ்பெகட்டி. அதுக்குப் பித்தளையில ஒரு உரல், மேல முறுக்குக் கைபிடி, கீழ ஓட்டைத் தட்டு. ஒரு வாங்கில பூட்டியிருக்கும், வாங்கில ஏறி இருந்து முறுக்குவாங்க. இதோட வீடியோவை மாமிக்குக் காட்டினப்போ எழும்பிப் போய்த் தன்ட உம்மாட பித்தளை இடியப்ப உரலைக் கொண்டு வந்து மேசையில வச்சா. ஒண்டும் சொல்லல்ல. போன்ல ஒண்டு, மேசையில ஒண்டு, மாறி மாறிப் பார்த்தம்.

வீட்டுச் சமையல், உம்மாட கைப்பக்குவம் எண்டெல்லாம் எழுத இனிப்பா இருக்கும். அதுக்குள்ள இருக்கிற கணக்கையும் எழுதாட்டி அது பொய். 2021 ஒக்டோபரில 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 1,493 ரூபாவில இருந்து 2,750க்குப் போச்சு. பிறகு அடுப்புகள் வெடிச்ச செய்தி, பிறகு கேஸே இல்லை, 2022 ஏப்ரலில 4,860. அந்த வருசம்தான் இரசாயன உரத்தை நிப்பாட்டினதால வயல் காய்ஞ்ச சனம் அரிசிக்கே அலைஞ்சது. அம்பாறை மாவட்டத்தில நெல்லு விளையுற ஊரில இருந்துகொண்டு அரிசிக்கு லைன்ல நிண்டம். நாங்க போய்வந்த கடைகள் எத்தனையோ பூட்டினது. மாமி பூட்டல்ல. கேஸ் அடுப்பைத் தூக்கி மூலையில வச்சிட்டு, பத்திக்கு வெளியில மூணு கல்லு வச்சு, பொச்சு மட்டை, சிரட்டை, தென்னம்பாளை, கிடைச்ச விறகு. புகையில கண் சிவந்து இருமிக்கொண்டுதான் அந்த வருசம் முழுக்க ஆக்கினா. பருப்பு நிண்டு போச்சு, அதுக்குப் பதிலா வளவு முருங்கையிலைச் சுண்டல். மீன் துண்டைச் சின்னதாக்கல்ல, சட்டியைச் சின்னதாக்கினா: பதினைஞ்சு பேருக்குத்தான். 2024 முடியக்குள்ள தேங்காய் ஒண்டு 200 ரூபாவைத் தொட்டப்போதான் முதல் தடவையா அவட முகம் வாடினதைப் பார்த்தம். கேஸ் இல்லாட்டி விறகு இருக்கு. தேங்காய் இல்லாட்டி என்ன இருக்கு?

இத்தனைக்கும் அந்தச் சோத்துக்கு மாமி எடுக்கிற காசில அவட உழைப்புக்கெண்டு ஒரு சதமும் சேர்க்கிறதில்லை. நாங்க ஒருநாள் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டம்: அரிசி, மீன், தேங்காய், தூள், விறகு. மிச்சம் வாறதை அவ நிக்கிற மணித்தியாலத்தால பிரிச்சா, வயலில கூலிக்கு நிக்கிற ஒருத்தர் எடுக்கிறதில பாதியும் வரல்ல. காலை அஞ்சரைக்குத் தேங்காய் துருவத் தொடங்கிற ஆள். ‘வீட்டுச் சாப்பாடு’ எண்ட சொல்லு மலிவு எண்ட அர்த்தத்தில புழங்கிறதுக்குக் காரணம் இதுதான். வீட்டில பொம்பிளைகள் ஆக்கிறதுக்கு ஒருத்தரும் சம்பளம் குடுக்கிறதில்லை, அந்தப் பழக்கம் அப்படியே கடைக்கும் வந்துட்டுது.

மற்றது, எங்களில பொம்பிளைப் புள்ளைகளும் இருக்கிறம். எங்கட ஊர் தேத்தண்ணிக் கடையில பொம்பிளைகள் இருந்து சாப்பிடுறதை எங்க பார்த்திருக்கீங்க? புதுசா வந்த கறுப்புச் சுவர்க் கடைகளுக்கு ஒரு நன்மையைச் சொல்லத்தான் வேணும்: குடும்பத்துக்கெண்டு ஒரு அறை வச்சாங்க, நாங்க போய் இருக்க ஒரு இடம் கிடைச்சது. சோஸுக்காக இல்ல, அந்தக் கதிரைக்காகத்தான் எங்களில பாதிப்பேர் அங்க போறது. மாமிட கடையில ஆம்பிளைகள் பத்திக்குள்ள, நாங்க குசினிக்குள்ள. திருவலைக்குப் பக்கத்தில பாய் விரிச்சிருக்கும். சட்டியில இருந்து நேரா வாற முதல் அகப்பை எங்களுக்கு. மீன் தலை எங்களுக்கு. பாலாணம் ஆக்கிறதைப் பக்கத்தில நிண்டு பார்த்ததும் நாங்கதான், டோஹாக்காரர் கதவுக்கு வெளியில நிண்டு எட்டித்தான் பார்த்தவர். எது நல்ல இடம் எண்டு எங்களுக்குள்ளேயே சண்டை இன்னும் முடியல்ல. குசினிக்குள்ள இருக்கிறது பாசத்தாலயா, ஊர் வாய்க்குப் பயந்தா எண்டு கேட்டா, ரெண்டும்தான் எண்டுறது எங்கட பதில்.

இதை எழுதப் போறம் எண்டு மாமிக்கிட்டச் சொன்னது நோன்புக்கு முந்தி. படம் எடுப்பம், லொகேஷன் போடுவம், பேர் ஒண்டும் வச்சுத் தாறம் எண்டு ஆளாளுக்குக் கதைச்சம். கேட்டுக்கொண்டு வெங்காயம் உரிச்சா. பிறகு சொன்னா:

“படம் போட்டா அக்கரைப்பத்தில இருந்தும் நிந்தவூரில இருந்தும் ஆக்கள் வருவாங்க மனே. நான் இருபது பேருக்குத்தான் ஆக்கலாம். வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பிறதா? இல்லாட்டி நாளாந்தம் வாறவனை அனுப்பிறதா?”

ஆள் வச்சுப் பெருப்பிக்கலாமே எண்டார் டோஹாக்காரர். “ஆள் வச்சா அது கடை” எண்டா. எங்களுக்குப் பதில் வரல்ல.

எங்களில ரெண்டு பேருக்கு இது சரியாப் படல்ல. இப்படி ஒளிச்சு வச்சுத்தான் எங்கட உம்மாமார்ட சமையலெல்லாம் பேரில்லாமப் போகுது எண்டுறது அவங்கட கட்சி. அவங்கதான் அர்த்தூசிட கதையைக் கொண்டு வந்தாங்க. பெல்லெக்ரினோ அர்த்தூசி, பட்டு வியாபாரம் செய்த ஒரு பணக்காரர், கலியாணம் முடிக்காதவர். 1891இல புளோரன்ஸ் நகரத்தில தன்ட சொந்தக் காசில ஒரு சமையல் புத்தகம் போட்டார். முதல்ல 475 குறிப்பு. புத்தகம் பிரபலமாக, நாடு முழுக்க இருந்து வீட்டுப் பொம்பிளைகள் தங்கட குறிப்புகளைக் கடிதத்தில எழுதி அனுப்பினாங்க, இருபது வருசத்துக்குள்ள அது 790 ஆச்சு. இத்தாலி வீட்டுச் சமையலுக்கு அதுதான் மூலப் புத்தகம் எண்டு இண்டைக்கும் சொல்லுறாங்க. அட்டையில இருக்கிறது அர்த்தூசிட பேர். ஆனா அத்தனையையும் அடுப்பில வச்சுச் சோதிச்சுப் பார்த்தது அவர்ட வீட்டில வேலை செய்த மரியெத்தா சபத்தீனியும் பிரான்செஸ்கோ ருஃபில்லியும். ஒரு பனெத்தோனேக்கு மரியெத்தாட பேரையே வச்சார் அர்த்தூசி. மௌத்தாகக்குள்ள புத்தகத்தின் உரிமையையும் அவங்க ரெண்டு பேருக்கும் எழுதி வச்சிட்டுப் போனார்.

கடிதம் எழுதின மற்றப் பொம்பிளைகளுக்கு? அவங்கட குறிப்புகள்தான் மிஞ்சின.

இந்தக் கதையையும் மாமிக்குச் சொன்னம். உரிமை எழுதி வச்சதைக் கேட்டதும் “நல்ல மனுசன்” எண்டா. பிறகு ஒரு உடன்படிக்கைக்கு வந்தா. எழுதலாம், பேரும் தெருவும் போடக் கூடாது. குறிப்பு எழுதலாம், அதை அவட பேத்திட கையெழுத்தில எழுதணும், கொப்பி அவட அலுமாரியில இருக்கணும். நாங்க வேணுமெண்டா வந்து பார்த்து எழுதலாம். அதனாலதான் இந்தக் கட்டுரையில அளவு ஒண்டும் இல்லை. கெட்ட எண்ணம் நினைக்காதீங்க.

கொப்பி தொடங்கிட்டுது. பேத்தி ஓ.எல். எடுக்கப் போற புள்ளை. வெள்ளிக்கிழமைகளில எங்களில ரெண்டு பேர் கூடப் போய் இருக்கிறம், மின் தராசு ஒண்டோட. மாமி கையால அள்ளிச் சட்டிக்குப் போடுறதுக்கு முந்தித் தராசில போடச் சொல்லுறம், அவக்குக் கோவம் வரும். “தேங்காய் எல்லாம் ஒரே தேங்காயா? இளசா இருந்தா ஒரு அளவு, முத்தினதெண்டா ஒரு அளவு.” பேத்தி அதையும் அப்படியே எழுதுறா. இதுவரைக்கும் பதினொரு குறிப்பு. பாலாணத்துக்கு மட்டும் மூணு பக்கம். அதில ஒரு பக்கம் முழுக்க விறகை எப்ப இழுக்கணும் எண்டதைப் பத்தி.

மாமிட முழங்கால் இப்ப நல்லா இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு கிழமைக்கு நாலு நாள்தான் அடுப்புப் பத்துமாம். எந்த நாலு நாள் எண்டு இன்னும் சொல்லல்ல. செவ்வாய்க்கிழமையை விட்டுடாதீங்க எண்டு டிராக்டர்காரர் கெஞ்சிக்கொண்டிருக்கார், சந்தை நாளாம். வெள்ளிக்கிழமை கட்டாயம் இருக்கும் எண்டு எங்களுக்கு மட்டும் சொல்லியிருக்கா, கொப்பிக்காக.